ஃபோலிக் மாத்திரையை எப்போது ஆரம்பித்தீர்கள்? உங்கள் அனுபவம்

கிராம சுகாதாரச் செவிலியர், தஞ்சாவூர் பக்கம்:
புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்களிடம் "ஃபோலிக் போடுறியாம்மா?" என்று கேட்பேன். "இன்னும் உண்டாகலையே அக்கா" என்பார்கள். அங்கேதான் சிக்கல். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய், கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, எங்களிடம் பதிய வரும்போது பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டியிருக்கும். அந்தக் குழாய் சரியாக மூட ஃபோலிக் உதவும். அதனால்தான் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் போடச் சொல்கிறோம்.

"நாங்கதான் தினம் கீரை சாப்பிடுறோமே" என்றார் ஒரு மாமியார். பேசிக்கொண்டே அரைக்கீரை வெந்த பச்சைத் தண்ணீரை அப்படியே அங்கணத்தில் வடித்துவிட்டார். ஃபோலேட், அதாவது சாப்பாட்டில் இருக்கும் ஃபோலிக் சத்து, தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். பாதிச் சத்து அந்தத் தண்ணீரோடு போயிருக்கும். "கொஞ்சமா தண்ணி விட்டு வேகவச்சு, அதோடயே கடைஞ்சுடுங்கம்மா" என்றேன். பாசிப்பயறு, கொண்டைக்கடலையிலும் நிறைய இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டை மட்டும் நம்பி மாத்திரையை விட வேண்டாம். மசக்கை வந்துவிட்டால் சாப்பாடு எங்கே உள்ளே நிற்கிறது?

சென்னையிலிருந்து ஒரு தோழி:
எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு. வால்ப்ரோயேட் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம் நிச்சயமானதும் அம்மா என்னை நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த மருந்து நரம்புக்குழாய்க் குறைபாட்டுக்கான வாய்ப்பைக் கூட்டும் என்று சொல்லி, டாக்டர் படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றினார். ஃபோலிக் 5 மில்லிகிராமும் எழுதிக் கொடுத்தார். ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன் போன்ற வலிப்பு மருந்துகளும் உடம்பில் ஃபோலேட்டைக் குறைக்குமாம். தோழிகளே, பயந்துபோய் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்தில் வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

மதுரையிலிருந்து:
எங்கள் முதல் பிள்ளைக்கு முதுகுத்தண்டு மூடவில்லை. தக்கவில்லை. அடுத்தது வேண்டும் என்று சொல்லவே எனக்குப் பயம். அப்போது டாக்டர், 1991இல் பிரிட்டனில் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார்: என்னைப் போன்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே 4 மில்லிகிராம் எடுத்ததில், குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்ததாம். அதைக் கேட்ட பிறகுதான் தைரியம் வந்தது. அதன்பிறகு பிறந்த பெரியவள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

செவிலியர் மறுபடியும்:
மதுரைத் தங்கையே, மனசு நிறைந்தது. இன்னொன்று: சுத்த சைவம் சாப்பிடுபவர்களும், நீர்க்கட்டிக்கு மெட்ஃபார்மின் போடுபவர்களும் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். அது குறைந்தால் ஃபோலேட் உடம்பில் சரியாக வேலை செய்யாது. கூடுதல் அளவு மாத்திரை யாருக்குத் தேவை என்பதை டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.