கணவர் மகனைத் தருமபுரிக்கு அழைத்துச் சென்றுவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்

பாலக்கோட்டுப் பெண்:
வணக்கம். இங்கிலாந்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நானும் கணவரும் தனித்தனியே இருக்கிறோம். மகனைத் தருமபுரியில் தம் தாயாரிடம் விட்டுவிடப் போவதாக அவர் சொல்கிறார். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை இங்குள்ள நீதிமன்றம் முடிவு செய்யுமா, ஊர் நீதிமன்றமா? தயவுசெய்து சொல்லுங்கள்.

அரூர்க்காரர்:
சகோதரி, வந்த புதிதில் நாங்களும் ஒரே அறையில் அடைபட்டு, குளிரிலும் வாடகைக் கவலையிலும் தினமும் சண்டை போட்டவர்கள்தாம். யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. இரு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

மத்தூர் அக்கா:
அவர் கேட்டது அதுவன்று. தங்கச்சி, நீ முந்திக்கொண்டு பையனுடன் ஊருக்குப் போய்விடு. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டு நீதிமன்ற ஆணையைவிடக் குழந்தையின் நலனே பெரிது என்று உச்ச நீதிமன்றமும் 2017இல் சொல்லிவிட்டது.

ஓசூர் வழக்கறிஞர்:
அக்கா சொல்வதைச் செய்துவிட வேண்டாம். தந்தையின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் குழந்தையை இங்கிலாந்திலிருந்து வெளியே கொண்டுபோவது, அங்குள்ள 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய்க்கும் குற்றம்தான். பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்துவிட்ட ஒரு தாயின் வழக்கில், அவர்கள் இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டும் என்றே உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை என்றாலும், அதை நம்பி விமானம் ஏற முடியாது. பையனின் வயது என்ன, பாஸ்போர்ட் யாரிடம் என்பதையே அவர் இன்னும் சொல்லவில்லை.

காவேரிப்பட்டணத்தார்:
ஆணை கிடைத்தால் மட்டும் என்ன? ஊரில் இருக்கும் மகளுடன் இங்கிலாந்து நேரப்படி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நான் காணொளியில் பேசலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கோடையில் அங்கே இரவு எட்டரை. கோடை முடிந்து இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைத்ததும் ஒன்பதரை ஆகிவிடுகிறது. அவள் கண் சொக்கிக்கொண்டே பேசுகிறாள். வழக்கறிஞர் கட்டணம் மட்டும் குறைந்தபாடில்லை.

அரூர்க்காரர்:
அதைச் சொல்லுங்கள்! இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம், அதற்கொரு கட்டணம்.

பாலக்கோட்டுப் பெண்:
மகனுக்கு வயது நான்கு. பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. நாளை மறுநாள் பெங்களூருக்கு இருவருக்கும் டிக்கெட் போட்டிருப்பதை இன்று காலை பார்த்தேன்.

ஓசூர் வழக்கறிஞர்:
அம்மா, அப்படியென்றால் மற்றதெல்லாம் பிறகு. காவல் துறையை உடனே அழைத்து, குழந்தையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகும் அபாயம் இருக்கிறது என்று சொல்லி, விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை விடுக்கக் கேளுங்கள். கூடவே, குடும்ப நீதிமன்றத்தில், குழந்தை குறித்த ஆணை கோரும் சி100 படிவத்தில் அவசர மனு கொடுத்து, பையனை அழைத்துச் செல்லக்கூடாது என்று தடையாணையும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க உத்தரவும் கோருங்கள். மனுவுக்கு முன் வழக்கமாகப் போக வேண்டிய சமரசக் கூட்டத்துக்கு, இவ்வளவு அவசரமான நிலையில் போக வேண்டியதில்லை. கணவருக்குத் தெரிவிக்காமலேயே நீதிபதி விசாரிக்கவும் முடியும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பையன் அங்கே வசிக்கும்வரை அங்குள்ள நீதிமன்றமே முடிவு செய்யும். 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி அது பார்ப்பது குழந்தையின் நலனைத்தான், எந்த வீட்டுப் பிள்ளை என்பதை அன்று. பையன் தருமபுரி போய்ச் சேர்ந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். நாடு விட்டு நாடு கடத்தப்பட்ட குழந்தையைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, உள்ளூரில் காப்பாளர் மனு என்று நீங்கள் அலைய வேண்டிவரும். விமானம் பெங்களூரில் இறங்குகிறது என்பதற்காகக் கர்நாடக நீதிமன்றத்துக்கு வீணாக ஓடுபவர்களும் உண்டு.

உங்கள் விசா என்னவாகுமோ என்ற கவலை இருந்தால், அது தனி. அதற்காக இந்த மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். டிக்கெட்டின் படம், பையனின் அண்மைப் புகைப்படம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அழைத்தவுடனே சொல்லிவிடுங்கள்.