சின்ன அறைக்குச் சொந்த ஆம்ப்: எல்எம்3886-ஆ, கிளாஸ் டி போர்டா?

பிடோக்_குமரன்
எல்லாருக்கும் வணக்கம். கையில் 8 ஓம், 86 டெசிபல் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் படுக்கையறைதான் இடம். எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபையர் சிப் இரண்டு, 2×18 வோல்ட் டோராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் ஒன்று என்று ஸ்டீரியோ ஆம்ப் கட்டலாம் என்றிருந்தேன். நண்பர் ஒருவர், "இந்தக் காலத்தில் டிரான்ஸ்பார்மரா? டிபிஏ3116 என்ற கிளாஸ் டி சிப் வைத்த ரெடிமேட் போர்டு ஒன்று, 24 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கு, அரை மணி நேரத்தில் பாட்டு கேட்கலாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வாட்_வேலு
நண்பர் பேச்சைத்தான். கணக்கைப் பார் தம்பி. 18 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் (டிசியாக மாற்றினால்) ஏறக்குறைய ±24 வரும், சிப்பில் போவது போக 8 ஓமில் 25, 30 வாட் கிடைக்கும். டிபிஏ3116 பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக ஓட்டி) வேலை செய்வதால் ஒற்றை 24 வோல்ட்டிலேயே அதே அளவு கிடைத்துவிடுகிறது. ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டரில் 86 டெசிபல், அதற்கு மேல் வைத்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சுவரைத் தட்டுவார். அப்புறம் எதற்கு இரண்டு கிலோ இரும்பும் ஹீட்சிங்கும்? கிளாஸ் டி வேகமாக ஆன், ஆஃப் ஆகி ஓடுவதால் 90 சதவீதத்துக்கு மேல் திறன், எல்எம்3886 போன்றவற்றுக்கு நெருக்கமான கிளாஸ் பி ஏட்டளவிலேயே 78.5-ஐத் தாண்டாது. நம் ஊர் வெக்கையில் ஏர்கான் போடாத அறைக்குள் இன்னொரு ஹீட்டரா?

சால்டர்சாமி
வேலு அண்ணே, திறன் பற்றிச் சொன்னது சரி. ஆனால் குமரன் கேட்டது "கட்டுவது" பற்றி. போர்டு வாங்கி நாலு வயர் செருகுவது கட்டுவதா? எல்எம்3886-இல் கெயினை (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை) இரண்டு ரெசிஸ்டரால் நீயே முடிவு செய்கிறாய், பத்துக்குக் கீழே போனால் ஏன் ஆசிலேட் ஆகிறது (தானே அலைய ஆரம்பிக்கிறது) என்று தெரிந்துகொள்கிறாய். 8ஆம் காலிலிருந்து நெகட்டிவ் சப்ளைக்குக் கரண்ட் இழுக்காவிட்டால் சிப் மியூட்டிலேயே, சத்தமே தராமல் கிடக்கும், இது தெரியாமல் நல்ல சிப்பைச் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

தரம் என்று பார்த்தாலும், மலிவு கிளாஸ் டி போர்டில் அவுட்புட் ஃபில்டர்தான் கழுத்தறுக்கும். காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த அந்த எல்சி ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட லோடுக்கு, அதாவது ஸ்பீக்கர் ஓமுக்குப் போட்டது. 4 ஓமுக்குப் போட்டதில் 8 ஓம் மாட்டினால் உச்ச ஸ்தாயி தூக்கிக்கொண்டு நிற்கும். அவுட்புட்டைச் சரிபார்த்துத் திருத்தும் ஃபீட்பேக் ஃபில்டருக்கு முன்னாலேயே முடிந்துவிடுவதால் சிப்புக்கு அது தெரியவும் தெரியாது. சின்ன காயில் போட்டு மிச்சம் பிடித்திருந்தால் பேஸ் அடிக்கும்போது காயில் சாச்சுரேட் ஆகும் (அதன் காந்த மையம் நிறைந்துவிடும்), ஒலி கெடும்.

வாட்_வேலு
அது மோசமான போர்டின் குறை, கிளாஸ் டியின் குறை இல்லை. காயிலை மாற்று, 8 ஓமுக்குக் கணக்குப் போடு, அதுவும் கட்டுவதுதானே! ஹம் (பின்னணி முனகல்) பற்றி நீ ஏன் வாயே திறக்கவில்லை சாமி? கிரவுண்டை இஷ்டத்துக்கு இழுத்துவிட்டு ராத்திரி பூரா 100 ஹெர்ட்ஸ் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் நான் பார்த்த பாதிப் பேர்.

சால்டர்சாமி
100 ஹெர்ட்ஸ் என்றால் பெரிய கெப்பாசிட்டருக்குப் போகும் சார்ஜிங் கரண்ட் சிக்னல் கிரவுண்டு வழியாக ஓடுகிறது என்று அர்த்தம். எல்லாக் கிரவுண்டையும் கெப்பாசிட்டர்களைத் தாண்டி ஒரே புள்ளியில் சேர்த்தால் போய்விடும். 50 ஹெர்ட்ஸ் என்றால் கிரவுண்ட் லூப் (கிரவுண்டு இரண்டு வழியாக இணைந்து வளையமாவது), இல்லை டிரான்ஸ்பார்மர் இன்புட் வயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காதே மீட்டர் அண்ணே, இதைப் போர்டு வாங்கிக் கற்றுக்கொள்ள முடியாது.

யீஷூன்_கற்பகம்
இரண்டு பேரும் சத்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், 230 வோல்ட்டை யாரும் பேசவில்லை. தம்பி குமரன், உனக்கு இது முதல் பிராஜெக்ட் என்றால் நான் வேலு பக்கம், காரணம் வேறு. பாதுகாப்பு முத்திரை உள்ள அடாப்டர் வாங்கினால் மெயின்ஸ் உன் பெட்டிக்குள் வருவதே இல்லை. டிரான்ஸ்பார்மர்தான் வேண்டும் என்றால் உலோகப் பெட்டி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு தனி போல்ட்டில் எர்த், சுவிட்சுக்கு முன்னாலேயே ஃபியூஸ், மூன்று பின் பிளக்கில் 13 ஆம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்ப். டோராய்டல் முதல் நொடியில் நிறைய இழுக்கும், அதனால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் ஸ்லோ-ப்ளோ (மெதுவாக உருகும் வகை) ஆக இருக்கட்டும். முதல் தடவை நேராகச் செருகாதே, பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு ஆன் செய். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது, பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட்.

பிடோக்_குமரன்
நன்றி அக்கா. சின்ன சின்ன சர்க்யூட் சால்டர் செய்திருக்கிறேன், மெயின்ஸ் தொட்டதில்லை. ஆனாலும் மனசு எல்எம்3886 பக்கம்தான் போகிறது. ஹீட்சிங்க் எவ்வளவு பெரிசு வேண்டும்? சுங்கை சாலைப் பழைய பொருள் சந்தை 2017-இல் மூடிய பிறகு பழைய சாமான் எங்கே தேடுவது என்றும் தெரியவில்லை.

வாட்_வேலு
எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவர் போ, சிம் லிம் ஸ்குவேர் இல்லை, டவர். ஹீட்சிங்க் கணக்கு: ±25-இல் 8 ஓமுக்கு ஒரு சிப் மோசமான நிலையில் 16 வாட் சூடாக்கும், இரண்டுக்கும் 32. ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி சூடேறும் ஹீட்சிங்க் என்றால் 31 டிகிரி அறையில் அது 63-ஐத் தொடும். சிப் தாங்கும், உன் விரல் தாங்காது. நான் இன்னமும் அடாப்டரைத்தான் சொல்வேன்.

சால்டர்சாமி
63 டிகிரி சத்தமாகத் தொடர்ந்து சைன் அலை (ஒரே சீரான சோதனை ஒலி) ஓட்டினால்தான், பாட்டுக்கு இல்லை. தம்பி, சிப் வாங்கும்போது டிஎஃப் என்று முடிவதைக் கேள், அதன் முதுகு இன்சுலேட் ஆனது. வெறும் டி என்றால் முதுகு உலோகத்தில் நெகட்டிவ் சப்ளை இருக்கும், நடுவில் மைக்கா (மின் காப்புத் தகடு) போடாமல் பெட்டியில் திருகினால் நேரே ஷார்ட். மெயின்ஸ் பக்கத்தை அக்கா சொன்னபடியே செய், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் அவுட்புட்டில் மல்டிமீட்டர் வை, டிசி 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் படத்தை இங்கே போடு, பார்க்கிறேன்.