ஸ்ட்ராபெர்ரி: சத்து எவ்வளவு, அதை வீணாக்காமல் சாப்பிடுவது எப்படி?

உணவியல் தெரிந்தவர்:
நடுத்தர அளவில் எட்டுப் பழம் எடுத்தால் ஏறக்குறைய 100 கிராம் வரும். அதில் வைட்டமின் சி சுமார் 59 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம், ஆணுக்கு 80 மில்லிகிராம் வேண்டும். அதே 100 கிராம் பழத்தில் கலோரி 32, சர்க்கரை 5 கிராம், நார்ச்சத்து 2 கிராம். அளவாகச் சாப்பிட்டால் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்ற பழம்தான். ஆனால் வைட்டமின் சி மட்டும்தான் வேண்டும் என்றால் கொய்யாவே போதும். மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் ஸ்ட்ராபெர்ரிக்குச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி வெள்ளைக் கொய்யாவில் கிடைக்காது.

பழ வியாபாரம் தெரிந்தவர்:
மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வர் பழம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை நன்றாக வரும். வாங்கும்போது டப்பாவைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சிவப்புச் சாறு கசிந்திருந்தால் கீழ்வரிசை நசுங்கிவிட்டது. சாம்பல் பூஞ்சை அங்கேதான் தொடங்கும். காம்புப் பக்கம் வெள்ளையாக இருக்கும் பழத்தை எடுக்காதீர்கள். வாழை, மாம்பழம் மாதிரி இது வீட்டில் வைத்தால் பழுக்காது. பறித்தபோது இருந்த இனிப்புதான் கடைசிவரை.

கழுவி ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. ஈரம் பட்டால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். கழுவாமல், டிஷ்யூ விரித்து ஒரே அடுக்காக வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் பச்சை இலையோடு ஓடும் தண்ணீரில் கழுவி, அப்புறம் இலையைக் கிள்ளுங்கள். முதலிலேயே கிள்ளினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பழம் சொதசொதவென்று ஆகிவிடும். தண்ணீரில் கரையும் வைட்டமின் சி-யும் கொஞ்சம் வெளியே போகும்.

மீண்டும் உணவியல் தெரிந்தவர்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கீரை, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும். ரத்தசோகை உள்ளவர்கள் நாலைந்து பழத்தைச் சாப்பாட்டோடு சேர்த்தே சாப்பிடுங்கள். மாலையில் தனியாகச் சாப்பிட்டால் அந்தப் பலன் கிடைக்காது. ஜாம் காய்ச்சினால் சூட்டில் வைட்டமின் சி குறையும், சர்க்கரை கூடும். மில்க்‌ஷேக்கில் இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை போட்டால் அதுவே சுமார் 25 கிராம், அதாவது 500 கிராம் பழத்தில் இருக்கும் சர்க்கரை.

குழந்தைக்கு முதல்முறை கொடுக்கும்போது ஒரே ஒரு பழத்தைப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். வாயைச் சுற்றி லேசாகச் சிவப்பது புளிப்பாலும் வரலாம். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறல் என்றால் உடனே அவசரப் பிரிவுதான்.