ஐப்பசிக்கு என்ன வரைவது? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரிதான் எனக்கு. மாதத்துக்கு ஒன்றாக நம்ம பக்கத்தை வாட்டர்கலரில் வரைந்து வருகிறேன். தை, மாசிக்குக் கவலையில்லை, மா பூத்துவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால் பூங்கொத்தின் காம்பில் ஒரு செம்மை ஓடும். அதைப் பிடிக்கவே நாலு தாள் வீணானது. ஆடிக்கு ஒகேனக்கல். கர்நாடகாவில் மழை கொட்டி, காவிரி செம்மண் நிறத்தில் இறங்கும் (பரிசலைத்தான் நிறுத்திவிடுவார்கள்).

ஐப்பசியில் மாட்டிக்கொண்டேன். மழை என்றாலே கை குடைக்கும் தவளைக்கும்தான் போகிறது. அப்போது கேழ்வரகு கதிர் பிடித்திருக்கும் என்கிறார் அம்மா. பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கதிர் விரல் மடக்கி நிற்பதைப் பார்க்க எந்த வாரம் வரலாம்? ஒரு காலைப்பொழுது வரப்பில் உட்கார்ந்து வரைய விட்டால் போதும். பயிரை மிதிக்க மாட்டேன், சத்தியமாக.