தொப்பூர் மேட்டில் ஹீட் முள் ஏறுகிறது, இந்த செகண்ட்ஹேண்ட் காரை வாங்கலாமா?

கேட்பவர் (பாலக்கோடு):
வணக்கம். வீட்டில் ஐந்து பேர். அம்மாவை மாதம் ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், பஸ்ஸில் அவரால் முடியவில்லை. 2015 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்று பார்த்தேன். டிஎன் 29 (தருமபுரி பதிவு) வண்டி, இரண்டாவது ஓனர், 71,000 கிலோமீட்டர். ஊருக்குள் ஓட்டியபோது குறையே தெரியவில்லை. சேலம் போகும் வழியில் உள்ள தொப்பூர் கணவாய் இறங்கித் திரும்பி, ஏசி போட்டு நான்கு பேரோடு மேடு ஏறினேன். பாதி மேட்டிலேயே, என்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் நடுவைத் தாண்டிவிட்டது. ஏசியை நிறுத்தியதும் மெல்ல இறங்கியது. மேட்டில் எல்லா வண்டியும் அப்படித்தான் என்கிறார் விற்பவர். உண்மையா?

பதில் (காவேரிப்பட்டினம்):
இல்லைங்க. நல்ல வண்டியில் அந்த மேட்டுக்கெல்லாம் முள் அசையாது. காலையில் என்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது தொடவே வேண்டாம், கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். உள்ளே இருக்கும் கூலன்ட் (என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) எந்த நிறமானாலும் தெளிவாக இருக்க வேண்டும். நம் பக்கம் பலர் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். சுடுதண்ணீர் வைக்கிற குண்டானில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும்.

பதில் (ஓசூர்):
அப்படியே ஆயில் மூடியின் அடிப்பக்கத்தையும் பாருங்க. மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ, என்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் என்ஜினுக்குள் அடைத்து வைக்கும் தகடு) போயிருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். நிறுத்தி ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறதா?

கேட்பவர்:
பார்த்துவிட்டேன் அண்ணா. ஃபேன் சுற்றுகிறது. ஆயில் மூடி சுத்தம், குமிழி இல்லை. ஆனால் ரேடியேட்டருக்குள் செம்மண் கலந்த மாதிரி தண்ணீர். மூடியின் ரப்பரைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது.

பதில் (காவேரிப்பட்டினம்):
அப்போ அடைப்பாகத்தான் இருக்கும். அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ரேடியேட்டரை ஃப்ளஷ் செய்து (உள்ளே கழுவி), புது கூலன்ட் ஊற்றித் தரச் சொல்லுங்கள், அவர் செலவில். அப்புறம் அதே மேடு, அதே நான்கு பேர், ஏசியோடு ஏறுங்கள். முள் நடுவிலேயே நின்றால் விலை பேசலாம். முள் மறுபடி நடுவைத் தாண்டினால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியிருக்கும், அதை விலையில் கழியுங்கள். அப்படியே விட்டு ஓட்டினால் என்ஜின் ஹெட் (என்ஜினின் மேல்பாகம்) சூட்டில் வளைந்துபோகும், அதுவும் அம்மாவை வைத்துக்கொண்டு கணவாய் நடுவில் நிற்கக்கூடாது தம்பி.

கேட்பவர்:
சரி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.