குரோசான் வாங்க எத்தனை மணிக்குப் போவது?

காலைநடை:
பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன பேக்கரி, எல்லாம் கையாலேயே செய்கிறார்கள். முதல் தடவை கதவு திறந்ததும் போய் குரோசானை, அதுதான் அடுக்கடுக்காக இருக்கும் அந்தப் பிரெஞ்சு ரொட்டியை, சுடச்சுட வாங்கி, வாசலிலேயே பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஈர மாவு மாதிரி பிசுபிசுவென்று இருந்தது. சரி, அவசரப்பட்டுவிட்டோம் என்று அடுத்த தடவை சாயங்காலம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன், வெறும் பன் மாதிரி தொய்ந்துபோயிருந்தது. எப்போதுதான் போவது? இன்னொன்று, வளைந்தது ஒரு விலை, நேராக நீளமாக இருப்பது அதைவிட அதிக விலை. வடிவத்துக்கா கூடுதல் காசு?

மாவுக்கை:
சில வருடம் பேக்கரியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஓவனிலிருந்து எடுத்த குரோசானுக்குள் நீராவி நிறைய இருக்கும், அது வெளியேறி உள்ளே அடுக்குகள் இறுகக் குறைந்தது இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் பிய்த்தால் வெந்ததுகூட வேகாத மாதிரிதான் தெரியும். அதனால் கடை திறக்கும் நேரத்தைக் கேட்காதீர்கள், தட்டு எப்போது வெளியே வரும் என்று கேளுங்கள், அரை மணி கழித்துப் போங்கள். சில கடைகளில் ஒரே நாளில் இரண்டு தடவை சுடுவார்கள், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். தீர்ந்துபோனால் "இன்னும் நாலு போட்டுத் தாங்களேன்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எங்களுக்குச் சிரிப்பு வரும். மாவு பெரும்பாலும் முந்தின நாளே பிசைந்தது. நடுவே வெண்ணெய்த் தகடு வைத்துத் தேய்த்து மூன்றாக மடிப்பார்கள். இப்படி மூன்று தடவை மடித்தால் 27 வெண்ணெய் அடுக்கு. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் குளிரில் வைக்க வேண்டும். கடைசியாக உப்ப வைக்கும்போது சூடு 26, 27 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. முப்பதைத் தாண்டினால் வெண்ணெய் இளகி ஓட ஆரம்பிக்கும், அத்தனை அடுக்கும் போச்சு.

தின்னிப்பண்டாரம்:
வடிவக் கேள்விக்கு: பிரான்சில் வெண்ணெய் மட்டும் போட்டதைப் பெரும்பாலும் நேராகவும், மார்கரின் (வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும், பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்த கொழுப்பு) போட்டதை வளைத்தும் செய்வது பழக்கம். சட்டமெல்லாம் இல்லை, உங்கள் கடைக்காரரும் அந்தப் பழக்கத்தைப் பின்பற்றினால் விலை வித்தியாசம் நியாயம்தான். நாக்கே சொல்லிவிடும். வெண்ணெய் வாய்ச் சூட்டிலேயே கரைந்துவிடும், மார்கரின் பல சமயம் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். கையில் தூக்கிப் பாருங்கள், பார்க்கப் பெரிதாகவும் எடை இல்லாமலும் இருக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரிய வேண்டும். அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வேறு கடை பாருங்கள். அப்புறம், வெளுப்பாக இருப்பதைத் தேடி எடுக்கிறவர்களை எனக்குப் புரியவே இல்லை, நன்றாகச் சிவந்ததில்தான் ருசியே.

பழங்கதை:
வளைவு என்றதும், 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியர் தோற்றதைக் கொண்டாட அவர்கள் கொடியிலிருந்த பிறை வடிவில் இதைச் சுட்டார்கள் என்று ஒரு கதை சொல்ல யாராவது வருவார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அங்கே கிப்ஃபெல் என்ற பிறை வடிவ ரொட்டி அதற்கு முன்பே இருந்தது. அதை 1830களின் கடைசியில் பாரிசில் பிரபலமாக்கியது ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் நடத்திய பேக்கரி. இப்போது நாம் தின்னும் அடுக்கு மாவு வகை அதற்கும் பிறகுதான் வந்தது. சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லை, போகிறேன்.

காலைநடை:
சாயங்காலம் வாங்கியதை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன், இப்போதுதான் உறைக்கிறது.

மாவுக்கை:
அதேதான். காகிதப் பையில், வாய் திறந்தபடி கொண்டுபோங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே இருப்பதைவிட அங்கே சீக்கிரம் வறண்டுவிடும். மறுநாளுக்கென்றால் ஃபிரீசர். சூடாக்க ஓவனில் 170 டிகிரி, நாலைந்து நிமிடம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஆகிவிடும். தாமதமாகப் போக நேர்ந்தால் பாதாம் குரோசான் வாங்குங்கள். அது முந்தின நாள் மிச்சத்தைச் சர்க்கரைப் பாகில் நனைத்து, பாதாம் கலவை வைத்து மறுபடி சுடுவது, பழசாக இருப்பதுதான் அதற்கு நல்லது.

காலைநடை:
நாளைக்கே போகிறேன். ஆனால் மார்கரினா என்று கடைக்காரரிடம் முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது?

தின்னிப்பண்டாரம்:
"இதில் எது வெண்ணெய் போட்டது?" என்று கேளுங்கள், போதும்.