வல்லாரைக் கட்டில் மஞ்சள் பூ

தேவகோட்டை மருமகள்:
காரைக்குடிச் சந்தையில் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. வல்லாரைக் கட்டைக் கையில் எடுத்தால் நடுவே மஞ்சள் பூ ஒன்று வாடிக் கிடக்கிறது. வல்லாரைக்கு ஏது மஞ்சள் பூ? இது எலிக்காதிலை, வல்லாரை மாதிரியே இலை இருக்கிற வேறு செடி என்றேன். "இலை ஒரே மாதிரிதானே ஆச்சி, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி, அந்த அம்மா பக்கத்தில் நின்றவருக்கு இரண்டு கட்டு கொடுத்துவிட்டார். பிள்ளைக்குப் பரீட்சை வருதாம், ஞாபகசக்திக்காம். நான் கூப்பிடுவதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

கோனாப்பட்டுப் பேராண்டி:
பூவை வைத்துக் கண்டுபிடிப்பது சந்தையில் நடக்காது ஆச்சி. பூ இல்லாத கட்டுதான் அதிகம். எங்க ஆயா ஊரணிக்கரையில் குந்தி, இலைகளை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினபோதுதான் வல்லாரைப் பூவையே பார்த்தேன். தரையோடு தரையாக, காம்பு முளைக்கிற இடத்தில் மூன்று நான்கு பூ ஒட்டிக்கொண்டு, மங்கல் சிவப்பில், கடுகத்தனை. கொத்தமல்லிக் குடும்பமென்று சொன்னால் நம்ப முடியவில்லை. "பூவை விடுடா, கணுவைப் பாரு. கொத்தா எலை நின்னா வல்லாரை, ஒத்தை எலையா ஓடுச்சுன்னா விட்டுரு" என்றார்.

தேவகோட்டை மருமகள்:
சரி அண்ணே, கண்ணில் பட்ட மஞ்சளை வேறெப்படிச் சொல்வதாம்?

பள்ளத்தூர் மாடித்தோட்டம்:
எனக்கு நர்சரியில் வல்லாரை என்றே ஒரு தொட்டியைக் கொடுத்தார்கள். இலை முழு வட்டம், தாமரை இலை போலக் காம்பு நடுவில். வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். வல்லாரை இலையில் ஒரு பிளவு இருக்கும், காம்பு அங்கேதான் சேரும். நர்சரிக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. செடிகளை வகைபிரித்துப் பெயர் வைத்த விஞ்ஞானி லின்னேயஸே 1753ல் வல்லாரையை அந்த வட்ட இலைச் செடிகளின் இனத்தில்தான் வைத்தார். அது தனி இனத்துக்கு மாறியது 1879ல்.

அப்புறம், ஊரணி என்றதும் ஓடிப்போய்ப் பறிக்காதீர்கள். இப்போது பல ஊரணியில் சாக்கடை கலக்கிறது. மண்ணில் ஈயம் இருந்தால் வல்லாரை அதையும் உறிஞ்சிக்கொள்ளும். மழைத்தண்ணீர் மட்டும் நிற்கிற கரை என்றால் சரி. வேர் ஒட்டின கணுவைக் கிள்ளி எறிந்து, நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் கசப்பு தெரியாது. துவையலுக்குப் புளி கூடுதலாக வேண்டும். தினமும் வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாபகசக்திக்கென்று பிள்ளைகளுக்கு வெறும் வயிற்றில் சாறு பிழிந்து கொடுக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

கோனாப்பட்டுப் பேராண்டி:
துவையலுக்குப் புளியா? எங்கள் வீட்டில் மாங்காய்தான்.